வேலைநாள் இராச்சாப்பாடும் சமையற் புத்தகமும்

"சமையலைப் புத்தகம் பார்த்தா கற்றுக்கொள்வது?" என்று நகைப்போர் இன்றும் நம் அங்கத்தினரிடையே உளர். தாயின் அருகில் நின்று பார்த்தும், மாமியாரிடம் இரண்டு சொல் கேட்டும் கைவந்த கலையை அச்செழுத்தில் தேடுவானேன் என்பது அவர்கள் வாதம். வாதம் நியாயமானதே. ஆயின் அதனுள்ளே சில நம்பிக்கைகள் சொல்லப்படாமல் அடங்கியிருக்கின்றன. சமைக்கத் தெரிந்தவர் வீட்டில் என்றும் இருப்பார். எழுந்து நடமாடும் நிலையில் இருப்பார். பொழுது சாய்ந்தபின் அவருக்குப் போதிய நேரமும் தெம்பும் இருக்கும்.

தறி ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பகல் முழுதும் கணவர் குழித்தறியில் இருக்கிறார். மனைவி இராட்டையில் தார் சுற்றுகிறார், அல்லது தாமே மற்றொரு தறியில் அமர்கிறார். பாவு தோயும் நாளில் விடியுமுன்னரே குடும்பம் முழுவதும் தெருவில் நிற்கிறது. உழவர் வீட்டில் களையெடுப்பும் பருத்தி எடுப்பும் முடிந்து திரும்பும்போது விளக்கேற்றும் நேரமாகிவிடுகிறது. மாலை ஆறரை மணிக்கு அடுப்பங்கரைக்குள் நுழையும் கைகள் காலை முதல் ஓயாத கைகள். அந்தக் கைகளுக்கு உரியவர் பத்து நாள் காய்ச்சலில் படுத்தாலோ, பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றாலோ, வீட்டின் அடுப்பும் உடன் அணைந்துவிடுகிறது. எஞ்சியோர் கடைப் பலகாரத்தால் வயிற்றை நிரப்புகின்றனர். அந்த வாரக் கூலியில் கணிசமான பங்கு அங்கே போய்ச் சேர்கிறது. குழந்தைகளின் வயிறும் கெடுகிறது. கைப்பக்குவம் ஒருவர் கையிலேயே பூட்டிக் கிடப்பதால் விளையும் நஷ்டம் இது. நல்ல சமையற் புத்தகத்தின் பயன் அந்தப் பூட்டைத் திறப்பதே என்பது என் துணிபு. எந்தப் புத்தகம் திறக்கும், எது திறவாது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

மரக்கறிச் சமையலை மட்டும் இங்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் மதமன்று, கணக்கு. மாமிசம் உண்ணும் வீடுகளிலும் வேலைநாள் இரவுகளிற் பெரும்பாலானவை பருப்பும் காயும் கீரையும் மோருமாகவே கழிகின்றன என்பது நாம் அறிந்ததே.

ஆண்மக்கள் கரண்டி பிடிப்பதா என்று தயங்குவோருக்கு ஒரு சொல். சமையலின் உயர்வுக்கு நம்மவர் கூறும் உவமை நளபாகம், பீமபாகம் என்பன. இருவரும் ஆடவர், அதிலும் பேரரசர் குடியிற் பிறந்தோர். வீமன் பெயரால் ஒரு சமையல் நூலே வழங்கியது போலும். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணருக்கு அளித்த விருந்து அருச்சுனனின் தமையன் இயற்றிய நூலினின்று வழுவாமல் ஆக்கப்பட்டது என்று நத்தத்தனார் பாடுகிறார். அத்தகைய நூலுக்கு மடைநூல் என்று பெயர். ஆகவே நூல் பார்த்துச் சமைப்பது நேற்று வந்த நாகரிகமன்று. ஒரு குறை மட்டும் உண்டு. அது மன்னன் மனையில் விருந்து ஆக்குவதற்கு உதவிய நூல்.

இந்தக் குறை அச்சு நூல்கள் பலவற்றையும் விட்டபாடில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பாகசாஸ்திரம் என்னும் பெயரோடு தமிழில் நூல்கள் அச்சேறின. அன்று முதல் இன்று வரை பெரும்பாலான நூல்களில் விருந்துப் பதார்த்தங்களுக்கே முன்வரிசை. வாங்குவோர் கண்ணைக் கவர்வதும் அவைதாம். நாள்தோறும் வைக்கும் கீரை மசியலை மெனக்கெட்டு யார் எழுதிவைப்பார்? ஆனால் காய்ச்சலில் மனைவி படுத்திருக்கும் இரவில் கணவருக்கு வேண்டியது கீரை மசியலேயன்றிப் பாதாம் அல்வா அன்று.

ஒரு நூலின் கதை

அன்றாடச் சமையலை அறியாதவருக்கு அருகிருந்து சொல்லும் முறையில் எழுதப்பட்ட தமிழ் நூல்களுள் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதலிடம் பெறத் தக்கது. முதற்பாகம் 1951-ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. 1905-இல் பிறந்த அந்த அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். சமையல் நயத்தால் உறவினரிடையே பேர்பெற்றவர். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் செய்முறை கேட்டு அவருக்குக் கடிதம் எழுதுவது வழக்கமாயிற்று. கேட்டவருக்கெல்லாம் தனித்தனியே எழுதியனுப்புவதைக் காட்டிலும் நூலாகவே எழுதிவிடலாகாதா என்று அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டினார். அதன் விளைவே இந்நூல்.

நூல் பிறந்த இவ்வரலாறே அதன் சிறப்புக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. புலமையைக் காட்டுவதற்காக அது எழுதப்படவில்லை. தொலைவில் தனியே அடுப்பின்முன் நிற்கும் ஒருவரின் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது. கடிதத்தில் ஒரு படியை விட்டுவிட்டால் அடுத்த தபாலில் கேள்வி திரும்பி வந்துவிடுமன்றோ? ஆகவே ஒன்றும் விடுபடாமல் எழுதும் பழக்கம் அவருக்குப் படிந்தது. பெயரையும் பாருங்கள். 'சமைத்துப் பார்' என்பது கற்றவரை நோக்கிச் சொல்லும் சொல்லன்று. தயங்கி நிற்பவரை நோக்கிச் சொல்வது. நூல் பின்னர் மூன்று பாகங்களாக விரிந்தது. ஆங்கிலத்திலும் வேறு இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அம்மையார் 1962-இல் மறைந்தபின் குடும்பத்தார் அதனைத் திருத்திப் பதிப்பித்து வந்தனர். திருமணமாகி வெளியூரும் வெளிநாடும் செல்லும் பெண்களின் பெட்டியில் அதுவும் ஒரு சீர்ப்பொருளாய் இடம்பெற்றது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வதானால், அது சென்னை நகரத்து அந்தணர் இல்லத்துச் சமையல். கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், பச்சைப்பயறு கடைசல் முதலிய நம் பக்கத்துச் சாப்பாட்டுக்கு அதனை நம்பியிருத்தல் பொருந்தாது. நம் வட்டாரச் சமையலை அதே ஒழுங்கோடும் பொறுமையோடும் எழுதிய நூல்கள் குறைவு என்பதே நம் குறை. பிற்காலத்தில் மல்லிகா பத்ரிநாத் போன்றோர் ஒவ்வொரு வகைப் பதார்த்தத்துக்கும் ஒரு சிறு புத்தகம் என்ற முறையில் எழுதினர். கையடக்கமானவை, அடுப்பருகே வைத்துப் பார்க்க வசதியானவை. ஆயினும் குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று என்று எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டை அமைக்கும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. களைத்தவருக்கு அதுவும் ஒரு வேலையே.

அளவு

எண்பதாம் நம்பர் நூலா நாற்பதாம் நம்பர் நூலா என்று கேளாமல் பாவுக்கு இழை கணக்கிடுவார் உண்டோ? ஏக்கருக்கு எவ்வளவு விதை என்று அறியாமல் விதைப்பார் உண்டோ? இவ்வளவு கணக்கறிந்த நாம், சமையற் புத்தகத்தில் மட்டும் 'உப்பு தேவையான அளவு' என்ற வரியைச் சகித்துக்கொள்கிறோம். தேவை எவ்வளவு என்பதை அறிந்தவருக்குப் புத்தகமே தேவையில்லை. அறியாதவருக்கு அந்த வரியால் பயனில்லை. மட்டமாக வழித்த தேக்கரண்டி இத்தனை என்று எழுதினால், கூடவோ குறையவோ அவரவர் நாவுக்கேற்ப மாற்றிக்கொள்ள ஓர் ஆதாரமாவது கிடைக்கும்.

புளியின் சங்கதி வேறு. 'எலுமிச்சங்காய் அளவு', 'நெல்லிக்காய் அளவு' என்று பழைய நூல்கள் கூறும். எந்த எலுமிச்சங்காய் என்று கேட்கத் தோன்றும். எனினும் பழம்புளிக்கும் புதுப்புளிக்கும் புளிப்பு வேறுபடுவதால் கிராம் கணக்கும் முற்றிலும் கைகொடுப்பதில்லை. ஆகையால் அளவையும் சொல்லி, பச்சை வாசனை போகக் கொதித்தபின் நாவில் எப்படி இருக்கவேண்டும் என்றும் ஒரு வரி எழுதுபவரே நல்லாசிரியர். அன்றியும், பருப்பும் காயும் வேகும் முன்னர்ப் புளிநீரை ஊற்றினால் அவை எளிதில் மசியா. விறகும் நேரமும் வீண். இதனைச் சொல்லாத நூல் அனுபவமின்றி எழுதப்பட்டது என்று நாம் ஐயுறலாம்.

'சமைத்துப் பார்' முதலில் வெளிவந்தபோது கடைகளில் பலமும் சேரும் வீசையும், வீடுகளில் ஆழாக்கும் படியும் வழங்கின. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி 1958 முதல் கிலோகிராம் முறை படிப்படியாகப் புகுந்தது. 1960-களில் பழைய நிறைகள் கடைத் தராசினின்று மறைந்தன. நூலும் பிற்பதிப்புகளில் புதிய அளவுகளுக்கு மாற்றப்பட்டது. ஆயினும் பாட்டி வைத்துவிட்டுப் போன பழைய பிரதிகள் பல வீடுகளில் உள்ளன. அவற்றை எறிந்துவிட வேண்டாம். ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். 40 பலம் கொண்ட வீசை ஏறத்தாழ 1,400 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. சென்னைப் படிக் கணக்கில் ஓர் ஆழாக்கு சுமார் 200 மில்லிலிட்டர். படி ஊருக்கு ஊர் மாறியதாகையால் ஆழாக்கும் மாறும்; ஒரே சமையலில் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் பெரும்பிழை நேராது.

மாலை ஆறரை மணிக்கு

'அரைமணி நேரத்தில் ஆகும்' என்று தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே முதல் வரியில் 'நான்கு மணி நேரம் ஊறிய பருப்பை எடுத்துக்கொள்ளவும்' என்று தொடங்கும் நூல்கள் பல. ஊறும் நேரம், அரைக்கும் நேரம், காய் நறுக்கும் நேரம், இவற்றை நேரத்திற் சேர்ப்பதில்லை; அடுப்பில் இருக்கும் பொழுதை மட்டும் எண்ணுகிறார்கள். நெய்த நேரத்தை மட்டும் எண்ணி, தார் சுற்றியதையும் பாவு தோய்ந்ததையும் விட்டுவிட்டுக் கூலி பேசுவதற்கு ஒப்பானது இது. வேலைநாள் சமையலுக்கான நூல் காலையில் செய்துவைப்பது எது, மாலைக்கு விடுவது எது என்று பிரித்துக் காட்டவேண்டும். காலையிற் கிளம்புமுன் அரிசியும் பருப்பும் ஊறப்போட இரண்டு நிமிடம் போதும். மாலையில் அரைத்தால் அடை வார்க்கலாம், மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. இதனை ஒரு வரியில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த வாரத்தில் ஓர் இரவு தீர்ந்தது.

பிரஷர் குக்கர் வந்தபின் கணக்கு மற்றொரு விதமாய் மாறிற்று. நம் நாட்டில் 1959-ஐ ஒட்டி அதன் உற்பத்தி தொடங்கியது. திறந்த பானையில் நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. மூடிய குக்கரில் அழுத்தத்தால் ஏறத்தாழ 120 பாகை வரை ஏறும். துவரம் பருப்பு விரைவில் மசிவதன் சூட்சுமம் இதுவே. பழைய நூலில் உள்ள வேகும் நேரத்தையும் நீரின் அளவையும் குக்கருக்கு அப்படியே கொள்ளலாகாது. புதிய நூல்களோ 'மூன்று விசில்' என்று எழுதுகின்றன. விசில் குக்கருக்குக் குக்கர், தீக்குத் தீ வேறுபடும். விசிலோடு நிமிடத்தையும் எழுதும் நூலை நம்பலாம்.

சத்து

வேலைநாள் சாப்பாடு எளிமையாயிருக்கலாம்; சத்தற்றதாய் இருத்தலாகாது. இவ்விஷயத்தில் நம் குன்னூருக்கு ஒரு பெருமை உண்டு. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய அங்கே தொடங்கிய சிறு கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகிறது. தீட்டிய அரிசியை உண்டு, கஞ்சியையும் வடித்துக் கொட்டுவோருக்கு பி1 உயிர்ச்சத்துக் குறைவு நேரும். புழுங்கலரிசியில் அச்சத்து அதிகம் தங்கும். பாவுக்குப் போடக் கஞ்சி வேண்டுமானால் அது வேறு விஷயம். மற்ற நாட்களில் அளவாய் நீர் வைத்து வடிக்காமல் ஆக்குவதே லாபம். அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் மிகுதி. பருப்பிற் குறைந்ததை அரிசி ஈடுசெய்யும். தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்பது நல்ல விகிதம். கீரையை இறக்கியபின் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். இவற்றை வாசகருக்குச் சுமையாக்காமல் செய்முறையிலேயே கலந்து கூறும் நூல் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு செய்முறை எப்படி எழுதப்படவேண்டும் என்பதற்குக் கொங்கு நாட்டு அரிசியும் பருப்பையுமே உதாரணமாய்த் தருகிறேன். நால்வர்க்கு உரியது, உரித்து நறுக்கும் நேரம் உட்பட முக்கால் மணியில் ஆகும், ஒரே பாத்திரம். 200 மில்லிலிட்டர் டம்ளரால் அரிசி இரண்டு, துவரம் பருப்பு அதே டம்ளரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் சேர்த்துக் களைந்து, மற்ற வேலை முடியும்வரை ஊறவிடுக. சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல் உரிக்க. தக்காளி இரண்டு நறுக்க. (உரிப்பதற்குப் பிள்ளைகளை அழைத்துக்கொள்வது நலம், வெங்காயம் உரிப்பதில்தான் பொழுது போகிறது.) குக்கரில் கடலையெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி காயவைத்து, கடுகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, வரமிளகாய் நான்கு, கறிவேப்பிலை ஓர் ஆர்க்கு தாளிக்கவும். வெங்காயமும் பூண்டும் சிவந்ததும் தக்காளி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, குழம்புத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி இட்டு வதக்கி, தண்ணீர் ஏழு டம்ளர் வார்க்கவும். மட்டமாய் வழித்த இரண்டரைத் தேக்கரண்டி உப்பு இடுக. கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி, மூன்று விசில் வந்தபின் தீயைத் தணித்து ஐந்து நிமிடம் வைத்து இறக்குக. அழுத்தம் தானே அடங்கியபின் திறந்தால் குழைந்து, கரண்டியில் மெல்ல வழியும் பதத்தில் இருக்கும். ஆறினால் இறுகும், அப்போது ஒரு கை வெந்நீர் சேர்க்கலாம். நெய்யோ தேங்காயெண்ணெயோ ஊற்றி, தயிரும் சுட்ட அப்பளமும் வைத்துக்கொண்டால் அந்த இரவுக்கு வேறொன்றும் வேண்டா.

இதில் புதுமை ஒன்றுமில்லை. கோவை, ஈரோட்டுப் பக்கம் எல்லார் வீட்டிலும் ஆவதுதான். ஆனால் ஒருநாளும் அடுப்புப் பற்றவைத்தறியாத பதினாறு வயதுப் பையன் இதனைப் பார்த்து ஆக்க முடியுமா, முடியாதா என்பதே சோதனை. கடையில் எந்தச் சமையற் புத்தகத்தைப் புரட்டினாலும் இச்சோதனையையே வையுங்கள். அல்வாப் பக்கத்தையும் வண்ணப் படங்களையும் தள்ளிவிட்டு ரசத்தின் பக்கத்தைத் திறவுங்கள். எத்தனை பேருக்கு, புளி எவ்வளவு, நீர் எவ்வளவு, எப்போது இறக்குவது என்று நான்கும் அங்கே இருந்தால் புத்தகம் வாங்கத் தக்கது. ரசத்தைச் சரியாக எழுதியவர் மற்றதையும் சரியாக எழுதியிருப்பார்.

உடனே விலைகொடுக்க வேண்டுமென்பதும் இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வளர்ந்த கிளை நூலகங்கள் நம் ஊர்களில் உள்ளன. இரண்டு வாரம் எடுத்துவந்து, நாலைந்து இரவு ஆக்கிப் பார்த்துவிட்டு வாங்கலாம். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் தேவை. வீட்டில் கைப்பக்குவம் உள்ளவர் ஆக்கும்போது அருகில் நின்று, அவர் கைப்பிடியில் எடுத்த பருப்பைப் பாத்திரத்திற் போடுமுன் டம்ளரில் வாங்கி அளந்து, அவர் கிள்ளியிடும் உப்பைக் கரண்டியில் ஏந்தி, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். "இதென்ன கூத்து" என்று அம்மா கடிந்துகொள்வார். கடிந்தவாறே அளக்க விடுவார். பழைய ஆழாக்கு ஒன்று பரணில் கிடந்தால் அதையும் இறக்குங்கள். அதில் நீர் நிரப்பி, நாள்தோறும் புழங்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, நீர் நிற்கும் மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டால், பாட்டியின் புத்தகத்தில் உள்ள ஆழாக்குக் கணக்கெல்லாம் அந்த டம்ளரிலேயே அடங்கிவிடும்.